சோழவரம் ரேஸும் நம்முடைய தூசி தட்டும் மேட்ச்சும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன். அதனால் பாதியில் நிறுத்திவிட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்து, அவர் தேசியக் கொடியோடு ஓடி வரும் வீடியோ. "இந்த மாதிரி ரேஸெல்லாம் நம்ம சோழவரத்துலயே நடந்துச்சுடா" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "தாத்தா, சும்மா வுடாத" என்றான்.

பிறந்ததிலிருந்து சோழவரத்தில் வளர்கிற பிள்ளை. எட்டாம் வகுப்பு. அவனுக்கு ஊரின் ஏரி தெரியும், ஹைவே தெரியும், வரிசை வரிசையாக நிற்கும் குடோன்கள் தெரியும். ரேஸ் தெரியாது. அவனைக் குறை சொல்ல முடியவில்லை. தெரிந்துகொள்ள ஊரில் ஒரு பலகைகூடக் கிடையாது. முப்பத்தாறு வருஷம் சமூக அறிவியல் நடத்திய நானும் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில்லை. புத்தகத்தில் இல்லாததால் நடத்தவில்லை.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோழவரத்தில் ஒரு ராணுவ விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. 1953இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. நேரான, அகலமான, போக்குவரத்தில்லாத சாலை எங்கே கிடைக்கும் என்று தேடியவர்களுக்கு நம் ஓடுதளம் வசதியாகிப் போனது. ஆங்கில 'டி' எழுத்து போன்ற தடம். 1950களில் தொடங்கி ஏறக்குறைய 1980களின் கடைசி வரை வருஷா வருஷம் இங்கே பந்தயம் நடந்தது. பிப்ரவரி மாதம், பொங்கலின் அலுப்பு தீர்ந்து வெயில் ஏறத் தொடங்கும் நேரம்.

நான் முதலில் பார்த்தது 1966இல். பத்து வயது. மாமா சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். டிக்கெட் வாங்கியதெல்லாம் இல்லை. தூரத்தில் ஒரு மேட்டில், பனைமரத்தடியில் நின்று பார்த்தோம். முதலில் சத்தம் வரும், அப்புறம் புழுதி வரும், அதற்குப் பிறகுதான் வண்டி வரும். ரேஸ் மோட்டார் சைக்கிள்களில் அந்த நாளில் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். அந்தப் புகை வாசனை சட்டையில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் பாட்டி மோந்து பார்த்து, "எந்த வைத்தியர் வூட்டுக்குடா போய் வந்த?" என்று கேட்டாள்.

ஃபியட், ஹெரால்டு என்று தெருவில் ஓடுகிற கார்களையே மாற்றிக் கட்டி ஓட்டுவார்கள். பட்டறையில் தாங்களே பற்றவைத்துச் செய்த ஃபார்முலா கார்கள் வரும். கோயம்புத்தூர் கரிவர்தன் அப்படிக் கார் கட்டுவதில் பேர் போனவர். மாருதி எஞ்சினை வைத்து அவர் வடிவமைத்த கார்களில் ஓட்டிப் பழகித்தான் ஒரு தலைமுறையே பந்தயத்துக்கு வந்தது. 1980களில் விஜய் மல்லையா நிஜமான ஃபார்முலா ஒன் கார் ஒன்றையே கொண்டுவந்து இங்கே ஓட்டினார். அவர் பெயர் பின்னாளில் வேறு காரணங்களுக்காக அடிபட்டது. ஆனால் அந்தக் காரின் சத்தத்தைக் கேட்டவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

பிறகு 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென்று ஒரு தடம் அமைத்துக்கொண்டது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பங்கள். ரேஸ் அங்கே போய்விட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. விமானம் இறங்குவதற்குப் போட்ட தரையில் கார் ஓட்டினார்கள். ஜனங்கள் விளிம்புவரை வந்து நிற்பார்கள். ஆடு குறுக்கே வரும், சில சமயம் ஆட்டைப் பிடிக்க ஆளும் வருவார். இன்றைக்கு யோசித்தால் வயிறு கலங்குகிறது. இடமும் கிளப்புக்குச் சொந்தமில்லை. சொந்தத் தடத்தில், தடுப்பும் ஆம்புலன்ஸும் ஒழுங்காக வைத்து நடத்துவதுதான் சரி. நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2010இல் கருண் சந்தோக் இரண்டாமவரானார். கருணின் தாத்தா இந்து சந்தோக், இந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். சோழவரத்தில் போட்ட விதை அங்கே போய்க் காய்த்தது என்று சந்தோஷப்பட நமக்கும் உரிமை இருக்கிறது.

என் வருத்தம் வேறு. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு போட்டி நம் ஊரில் நடந்தது. அது போனபோது ஊரில் என்ன மிச்சம் இருந்தது? ஒரு மெக்கானிக் பள்ளி உண்டா? நம் பையன் ஒருவன் ஓட்டுநராக வந்தானா? ஒரு கோப்பை, ஒரு புகைப்படம், ஒரு சங்கம்? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. நாம் வேர்க்கடலை விற்றோம், சைக்கிளுக்குக் காவல் இருந்தோம், வேடிக்கை பார்த்தோம். வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். அவர்கள் நம்மை ஏமாற்றவில்லை. நாம்தான் கேட்கவில்லை. அது நம்முடையது என்று ஒரு நாளும் நினைக்காததால் கேட்கத் தோன்றவில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்றொரு கிராமம். அதுவும் உலகப் போரில் போட்ட விமானத் தளம்தான். 1948இல் வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய் டிரம்களையும் அடுக்கித்தான் அங்கே முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடத்தினார்கள். 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது. பந்தயம் நடத்தியவர்கள் பின்னாளில் அந்த நிலத்தையே வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கே பந்தயம் நடக்கிறது, ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. அவர்களுடைய பணமும் தொழிலும் நம்மிடம் இல்லை, அதனால் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஓர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு பலகைகூட இல்லாததற்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது அல்லவா?

இதைப் பற்றி என் பழைய மாணவர் ஒருவரிடம் பேசினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர். "சார், அது பணக்காரன் விளையாட்டு. நாம வேலிக்கு வெளிய நின்னு வேடிக்கை பாத்தோம், அவ்ளோதான். அதுக்குப் போய் பலகை வெக்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி. 2024இல் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் இரவு வெளிச்சத்தில் நடந்தபோதும் இதே விவாதம்தான் நடந்தது. அந்தச் செலவு தேவையா, யாருக்காக என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். "பாதி சரி தம்பி. ஆனா நம்ம விளையாட்டுன்னு ஒண்ணு வெச்சிருந்தோமே, அதை மட்டும் காப்பாத்துனோமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தூசி தட்டும் மேட்ச்சைச் சொல்றீங்களா சார்?" என்றார்.

ஆமாம். அதைத்தான் சொல்கிறேன். ரேஸைப் பற்றி இவ்வளவு பேசியது இதற்காகத்தான்.

ரேஸ் போன மறு வருஷம், 1991 ஜூலையில், நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்தோம். பள்ளி திறந்து குறுவட்டப் போட்டிகள் வருவதற்கு முன்னால் சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஒரு சனிக்கிழமை ஒன்று கூடி ஆட வேண்டும். கபடி, வாலிபால் இரண்டும். கோடை விடுமுறையில் வீட்டில் கிடந்த உடம்பு. நேராகக் குறுவட்டத்துக்குப் போனால் முதல் சுற்றிலேயே தோற்று, அந்த வருஷத்து ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு வருஷம் முழுவதும் கிடைத்த வெளி ஆட்டம் அந்த அரை மணி நேரம்தான். அதனால் ஒரு முன்னோட்டம். தோற்றாலும் குடி முழுகாத ஆட்டம். யாரோ ஒரு பையன் "உடம்புல தூசி தட்டுற மேட்ச்" என்றான். அதுவே பெயராகிவிட்டது.

ஓர் அணிக்குப் பத்து ரூபாய். மதியம் எல்லோருக்கும் தக்காளி சாதம். ஜெயித்த அணிக்கு ஒரு தார் வாழைப்பழம், ஒரு சுழற்கோப்பை. கோப்பையை ரெட்ஹில்ஸில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினோம். மூன்றாம் வருஷம் பெண்கள் அணியையும் சேர்த்தோம். "பொம்பளப் புள்ளைங்கள வெளியூருக்கு அனுப்புவாங்களா?" என்று தயங்கினவர்கள், சொந்த ஊரில் ஆடுவதைப் பார்த்த பிறகு குறுவட்டத்துக்கும் அனுப்பினார்கள். அந்த அணியில் ஆடிய ஒரு பெண் இன்று காவல் துறையில் இருக்கிறார். விளையாட்டுச் சான்றிதழ் தனக்கு எப்படி உதவியது என்று அவரே ஒரு கல்யாண வீட்டில் என் மனைவியிடம் சொன்னார்.

நடுவர் நாங்களேதான். அதனால் சண்டையும் உண்டு. ஒரு வருஷம் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் அந்தப் பையனே "தொடலை சார், நான் அவுட்டு" என்று தானாக வெளியே போனான். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அவனுக்குத் தெரியும். பாடம் நடத்தி நான் சொல்லிக் கொடுக்காததை அன்று அவன் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தான்.

பன்னிரண்டு வருஷம் நடந்தது. 2002 ஜூலையில் ஆடியதுதான் கடைசி. அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வில் மாற்றல் வந்தது. 2003இல் மேட்ச் நடக்கவில்லை. அடுத்த வருஷமும் நடக்கவில்லை. பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ரொம்ப நாள் நான் மற்றவர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு ஆர்வமில்லை, பெற்றோர் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள், நாம் ஆடிய காலி மனை லாரி நிற்கும் இடமாகிவிட்டது என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் குறை என்னுடையது. எந்தப் பள்ளிக்கு யாரிடம் சொல்ல வேண்டும், பந்து யாரிடம் இருக்கிறது, அரிசி யார் தருவார், இதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம்கூட எழுதி வைக்கவில்லை. யாரையும் பழக்கிவிடவில்லை. "சார் பாத்துக்குவார்" என்று பிள்ளைகள் சொல்வது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் மேட்ச்சைக் கொன்றது. ரேஸ்காரர்கள் ஊருக்கு எதையும் விட்டுப் போகவில்லை என்று பேசுகிற நான், என் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன விட்டுப் போனேன்?

சுழற்கோப்பை என்றால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2002இல் ஜெயித்த அணி எடுத்துப் போனது, மறு வருஷம் திருப்பித் தர மேட்ச் இல்லை. எங்கே நின்றது என்று இன்றுவரை தெரியாது.

நின்றுபோன போட்டியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு புச்சிபாபு கோப்பை தெரிந்திருக்கும். சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படுகிற புச்சிபாபு நாயுடு 1908இல் காலமானார். அடுத்த வருஷமே அவர் பெயரில் போட்டி தொடங்கியது. பிற்காலத்தில் அது ரஞ்சி சீசனுக்கு முன்னால் வெளிமாநில அணிகளும் வந்து ஆடிப் பார்க்கும் போட்டியானது. அவர்களுடைய தூசி தட்டும் மேட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெயர் பெற்ற போட்டியும் சில வருஷம் நடக்காமல் நின்றுபோயிற்று. 2023இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் திரும்ப ஆரம்பித்தது. 2024இல் கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் என்று வெளி மாவட்ட மைதானங்களில் நடத்தினார்கள். சங்கத்திடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பீர்கள். சரிதான். ஆனால் நமக்கு வேண்டியது ஒரு மைதானம், இரண்டு பந்து, ஒரு மூட்டை அரிசி, ஒரு விசில்.

பெரிய போட்டிகளுக்கு இன்று குறைவில்லை. முதலமைச்சர் கோப்பை இருக்கிறது, பாரதியார் தினப் போட்டிகள், குடியரசு தினப் போட்டிகள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அவை எல்லாம் தேர்ந்தெடுக்கிற போட்டிகள். தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டும். தோற்றவன் இன்னொரு முறை ஆடிப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? பன்னிரண்டு பேர் அணியில் கடைசி இரண்டு பேரையும் இறக்கிவிட்டுப் பார்க்க ஒரு நாள் வேண்டாமா? மாவட்ட அளவில் ஜெயிக்கிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுக்கும் வேலையை ஊர்தான் செய்ய வேண்டும்.

அதனால் என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சோழவரம் ரேஸின் புகைப்படங்கள், டிக்கெட்டுகள், நோட்டீஸ்கள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்த நாளில் கடை போட்டவர்கள், சைக்கிள் ஸ்டாண்ட் வைத்தவர்கள், வண்டி தள்ளிக் கொடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பேரப்பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பத்து நிமிஷம் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். தள்ளிப் போடாதீர்கள். என் மாமா போய் ஒன்பது வருஷமாகிறது. அவரிடம் நான் கேட்டுவைக்கவில்லை.

இரண்டாவது, ஊரில் ஒரு பலகை. அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஊராட்சியிடம் முறையாக எழுதி அனுமதி வாங்கி, நம் செலவில் வைப்போம். "இந்த ஊரில் ரேஸ் நடந்தது" என்று நாலு வரி. என் பேரன் நம்பட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். வருகிற ஜூலையில், குறுவட்டப் போட்டிகளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, தூசி தட்டும் மேட்ச் திரும்ப நடக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்கள் இருவரிடம் பேசிவிட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். நிபந்தனைகள் சொல்கிறேன். ஒன்று, நான் நடத்த மாட்டேன். முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற நாலு பேர் பொறுப்பேற்க வேண்டும். அதில் இருவர் பெண்கள். இரண்டு, எல்லாம் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும், வருஷா வருஷம் அந்த நோட்டு கை மாற வேண்டும். மூன்று, ஒரு பெரிய மனிதரின் பணத்தில் நடக்கக் கூடாது. அவர் ஊர் மாறிப் போனால் மேட்ச்சும் போய்விடும். நூறு பேர் நூறு ரூபாய் கொடுத்தால் போதும். துபாயில் இருக்கிற தம்பிகள் ஆயிரமாய் அனுப்ப வேண்டாம், நூறே அனுப்புங்கள். எல்லோருக்கும் ஒரே பங்கு இருக்கட்டும்.

என் பங்கு நூறு ரூபாயை ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டேன். அதோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கி, ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினேழு பக்கம் ஆகிவிட்டது. கண் புரை ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

கடைசியாக, 2002இல் கோப்பையை எடுத்துப் போன அணியில் ஆடியவர்கள் யாராவது இதைப் படித்தால், கோபமெல்லாம் இல்லை. வீட்டில் பேனா போட்டு வைத்திருந்தாலும் பரவாயில்லை. அரிசி அளக்க வைத்திருந்தாலும் பரவாயில்லை. ஜூலை மாதம் துடைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் மகனோ மகளோ ஆடட்டும்.

கருத்துப் பெட்டியில் உங்கள் நினைவுகளை எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். வாத்தியார் தப்புச் செய்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றுதானே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் வாத்தியார், சோழவரம்